மரியாதை தெரிஞ்ச குட்டி

— இல்லப்பா, வாசலோட நில்லுங்க. உள்ள கூட்டிட்டு வராதீங்க.

— ஏம்மா, ஏற்கெனவே ஒரு கால் உள்ள வெச்சிடுச்சே.

— அந்தக் காலையும் வெளிய எடுக்கச் சொல்லுங்க. மேனேஜருக்கு இது அவன் வீடு. புதுசா ஒருத்தர் நடுவீட்டுல வந்து நின்னா அவனுக்கு எப்படி இருக்கும்? முதல் சந்திப்பு எப்பவும் பொது இடத்துலதான். நீங்க தெருமுனைப் பூங்காவுக்கு நடங்க, நான் அவனைக் கூட்டிட்டு வர்றேன்.

— நாயும் நாயும் பாத்துக்கறதுக்குப் பொது இடமா? பேச்சுவார்த்தை மாதிரில்ல இருக்கு.

— அப்படியே வெச்சுக்கோங்க. ஆமா... போன்ல குட்டின்னுதானே சொன்னீங்க?

— குட்டிதான். அஞ்சு மாசம்.

— கன்னுக்குட்டியா?

— கிரேட் டேன் ஜாதி நாய்மா. இன்னும் வளருமாம்.

— இன்னுமா! அப்ப நாம ரெண்டு பேரும் மொட்டை மாடிக்குக் குடிபோயிடலாம். யாரோடதுப்பா இது?

— நம்ம மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வர்ற ஒரு நண்பர். வீடு மாத்துறார். புது இடம் சின்னதாம்...

— இந்த உடம்புக்கு எந்த வீடுதான் சின்னது இல்ல? ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி மேனேஜரைக் கொண்டுவந்தப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? கைக்குட்டை அளவு இருந்தான். "வீட்டுல நாயா, நானா?"ன்னு கேட்டீங்க.

— அது... அம்மா போன புதுசு. எதுவுமே பிடிக்கல அப்ப.

— அதனாலதான் கொண்டுவந்தேன். இப்ப நீங்களே ஒண்ணைக் கூட்டிட்டு வந்து நிக்கறீங்க. முழிக்கிற முழியே சரியில்லையே.

— யாரு, குட்டியா?

— நீங்க.

— வெச்சுக்கலாம்மா. ப்ளீஸ்.

— உங்க வாயிலேருந்து ப்ளீஸா? சரி, இன்னிக்குத் திங்கள். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள மேனேஜரோட ஒத்துப்போகலன்னா, கொண்டுவந்த இடத்துலயே விட்டுடணும். சம்மதமா?

— ஞாயிறு... ஒரு வாரம் போதுமா?

— சம்மதமா, இல்லையா?

— சம்மதம். ஆனா எப்படியாவது ஒத்துப்போகணும்மா.

— அதை மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நடங்க. அங்க போனதும் முகத்துக்கு முகம் காட்டாதீங்க. நீங்க பாதையோட அந்த ஓரம், நான் இந்த ஓரம். ரெண்டும் ஒரே திசையில நடக்கட்டும். முதல் நாளுக்கு அது போதும்.

* * *

— அப்பா, மேனேஜர் எங்க? இன்னும் சாப்பிட வரல.

— குட்டியோட மெத்தையில.

— மறுபடியுமா? நாலு பேர் படுக்கற மெத்தைப்பா அது!

— நடுவுல சுருண்டு படுத்திருக்கான். சுத்தி மூணு பேருக்கு இடம் இருக்கு. அது பாவம், கால்மிதியில தலையை மட்டும் வெச்சுட்டு மீதி உடம்பைத் தரையில போட்டிருக்கு. கிட்டப் போனா உறுமுறான்மா. காலைல திட்டினேன்.

— திட்டாதீங்கன்னு சொன்னேன்ல?

— உறுமுறானே!

— உறுமட்டும். உறுமுறதுதான் அவன் பேச்சு. 'எனக்குப் பிடிக்கல, தள்ளிப் போ'ன்னு சொல்றான். சொல்ல விடுங்க. அதுக்கும் திட்டினா பேச்சை விட்டுட்டு நேரா கடிச்சிடுவான். பேசறவங்ககிட்ட பயமே இல்லப்பா. மனசுல ஒண்ணை வெச்சுட்டுப் பேசாம இருக்காங்க பாருங்க, அவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

— இந்த டீ...

— என்னப்பா?

— ஒண்ணுமில்ல. டீயில சக்கரை கம்மி.

— சரி, அடுக்களைக் கேட்டைத் திறந்து அதை இங்க விடுங்க. மாடிப் பக்கம் போகாம பாத்துக்கோங்க, இந்த வயசுல படி ஏறி இறங்கினா மூட்டு கெட்டுப்போகும். வா. இங்க வா. ... உக்காரு. உக்காரு. டேய், உக்காருடா.

— சுவரைப் பாக்குது.

— நாலு நாளா இதே கதைதான். உக்காரு, வா, விடு... ஒண்ணும் ஏறல.

— காது கேக்கலையோ? நீதான் காது கிளினிக்ல வேலை பாக்கறியே, பாரேன்.

— பாத்துட்டேன். பின்னாடி நின்னு பிஸ்கட் கவரைக் கசக்கினேன். பக்கத்துத் தெருவுல இருந்தாலும் வந்திருக்கும். காது கேக்குது, நம்ம பேச்சுதான் கேக்கல.

— அதோ, எதையோ கவ்விட்டுப் போகுது பாரு. ஏதோ கவர்...

— ஐயோ, என் பேப்பர்! விடு! டேய், விடு! விட்றா!

— இரு, இரு, நான் அந்தப் பக்கம் வர்றேன்...

— வந்துடுச்சு, வந்துடுச்சு. ஓரம் மட்டும்தான் போச்சு.

— என்ன பேப்பர்மா அது?

— ஆபீஸ் பேப்பர். ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாததுக்கா இப்படிப் பாஞ்சே?

— நீங்க எதுக்கு இப்ப எந்திரிச்சு ஓடி வர்றீங்க? நேத்து முழுக்க முட்டி வலின்னு அனத்திட்டு. உக்காருங்க முதல்ல.

— சரி, சரி.

— அப்பா...

— என்னம்மா? உக்காந்துட்டேன்.

— நீங்க இல்லப்பா. கீழ பாருங்க.

— அட.

— உக்காந்திருக்கு.

— தானா உக்காந்திருக்கும்.

— அப்படியா? எந்திரிங்க.

— ... எந்திரிச்சிடுச்சு.

— இங்க வாங்க.

— போகுதே.

— உக்காருங்க. ... அப்பா, எந்த ஊர்ல நாய்க்கு வாங்க போங்கன்னு சொல்லித் தருவாங்க?

— மரியாதை தெரிஞ்ச குட்டிம்மா.

— குட்டியைப் பத்திக் கேக்கல. சொல்லித் தந்தது யாரு?

— நம்ம நண்பர் கொஞ்சம்... பண்பானவர். அவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவாங்க.

— அவங்களா? திங்கக்கிழமை அவர் 'மாத்துறார்'னு சொன்னீங்க.

— அது... வீட்டுல இருக்கறவங்க எல்லாரையும் சேத்துச் சொன்னேன்.

— ஓ.

— என்ன ஓ?

— ஓன்னா ஓ. டீ ஆறுது, குடிங்க.

— சாயந்திரம் நான் வரக் கொஞ்சம் நேரமாகும். பல் டாக்டர்கிட்ட போகணும்.

— அந்தக் கடைவாய்ப் பல் இன்னும் முடியலையா? மூணு மாசத்துல இது பதினோராவது தடவை.

— வேர் ரொம்ப ஆழமா போயிருக்காம்.

— ஆமாமா. பாத்தாலே தெரியுது. ஆழமாத்தான் போயிருக்கு.

* * *

— ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையா? எங்கப்பா கிளம்பிட்டீங்க?

— எங்கயும் இல்ல. சும்மா. இன்னிக்குத் தீர்ப்பு சொல்றேன்னியே, அதான்.

— தீர்ப்புக்கு நீங்க எதுக்கு சட்டை மாத்தணும்?

— மெத்தையில ஓரமா இடம் விட ஆரம்பிச்சுட்டான்மா. நேத்து ரெண்டும் ஒரே வரிசையில நின்னு சாப்பிட்டுதுங்க. நடுவுல ஆறடி இருந்தது, ஆனா ஒரே வரிசை.

— பாத்தேன். சாப்பாட்டுல பிரச்சினை இல்ல. அவன் பொருளை இது எடுத்தா என்ன பண்ணுவான்னுதான் தெரியணும்.

— அதெல்லாம் எடுக்காது. ரொம்ப சாது...

— அப்பா, அசையாதீங்க.

— என்ன?

— வாயில பாருங்க. மேனேஜரோட பந்து.

— ஐயையோ. அவன் எந்திரிச்சுட்டானே!

— கத்தாதீங்க. கிட்டயும் போகாதீங்க.

— முதுகு முடியெல்லாம் நட்டுக்கிச்சு பாரு. உறுமக்கூட இல்லம்மா!

— அதுதான் பயமா இருக்கு.

— இத்தனை நாள் ஒழுங்கா இருந்துட்டு இன்னிக்குப் போய்... விடு! விடுடா கண்ணு! விடு!

— இழுக்காதீங்கப்பா! இழுத்தா விளையாட்டுன்னு நினைக்கும். தள்ளுங்க, நான் பேசறேன்.

— அதுக்கு யார் பேச்சும்...

— சார். இங்க என்னைப் பாருங்க. வாயை நல்லா பெருசா திறங்க. ஆ... இன்னும் கொஞ்சம். ஆ...

— விட்டுடுச்சு!

— அவ்வளவுதான். மேனேஜர், உன் பந்து, எடுத்துக்கோ. நீங்க இப்ப மூடிக்கோங்க சார்.

— இது... அவங்க சொல்றது...

— கொப்பளிச்சுட்டு வரச் சொல்லட்டுமா? ... அப்பா, நீங்களும் வாயை மூடிக்கலாம்.

— எப்போ தெரிஞ்சுது?

— வியாழக்கிழமை. எனக்கு ஞானப்பல் எடுத்ததும் உங்க டாக்டரம்மாதானே. பல் எடுத்த அன்னிக்கு ஒரு நாலு வயசுப் பொண்ணு அழுதுட்டு நின்னுச்சு. டாக்டர் குனிஞ்சு, "நீங்க உள்ள வாங்க, உக்காருங்க, உங்க பல்லை நான் பாக்கலாமா?"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு அழுகையை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்துச்சு, தனக்குப் பின்னாடி பெரியவங்க யாராவது நிக்கறாங்களான்னு.

— அவங்க அப்படித்தான்.

— மென்னு முழுங்காம சொல்லுங்கப்பா. பல்லு என்னாச்சு?

— அது ரெண்டாவது தடவையிலயே சரியாயிடுச்சு.

— மீதி ஒன்பது?

— பேசிட்டிருந்தோம். அவங்களுக்கும் யாரும் இல்லம்மா. இந்தக் குட்டி மட்டும்தான். நாங்க... சேர்ந்து இருக்கலாமான்னு ஒரு யோசனை. இங்கதான், இந்த வீட்டுல. முதல்ல குட்டியை அனுப்பிப் பாக்கலாம், குட்டியே ஒத்துப்போகலன்னா மத்ததைப் பேசவே வேணாம்னு அவங்கதான் சொன்னாங்க.

— குட்டியை அனுப்பி ஆழம் பாத்தீங்களா ரெண்டு பேரும்?

— கோவமாம்மா?

— இருக்கு. டாக்டர் மேல இல்ல. மூணு மாசமா என் காதுல பூ சுத்தினீங்க பாருங்க, அதுக்கு. காது பாக்கறதுதான் என் வேலை.

— சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா இடத்துல இன்னொருத்தரான்னு நீ ஒரு பார்வை பாத்துட்டேன்னா, அதைத் தாங்க முடியாதுன்னு பயந்துட்டேன். உனக்குப் பிடிக்கலன்னா இப்பவே விட்டுடலாம். அவங்களும் அதான் சொன்னாங்க, "உங்க பொண்ணு வேணாம்னா நாம பழையபடி பல்லைப் பத்தி மட்டும் பேசிக்கலாம்"னு.

— நல்லாத்தான் பேசியிருக்காங்க. கண்ணுக்கு நீங்க, காதுக்கு நான், பல்லுக்கு அவங்க. மூக்குக்கு மட்டும்தான் ஆள் இல்ல.

— மூக்குக்கு மேனேஜர் இருக்கானே... நீ சிரிக்கறியா, அழறியா?

— ரெண்டும் இல்ல. அங்க பாருங்க.

— பந்தோட மெத்தையில ஏறிட்டான். அதுவும் ஏறுது. உடம்புல பாதி தரையிலயே கிடக்கு.

— உறுமல. பாத்துட்டுத்தான் இருக்கான்.

— அப்ப ஒத்துப்போச்சா?

— பாதி ஒத்துப்போச்சு. மீதி போகப் போக வரும். அவங்களுக்கு போன் பண்ணுங்க. பத்து மணிக்குப் பாக்கலாம்னு சொல்லுங்க.

— போன் எதுக்கு... எதிர்ல இருக்கற மருந்துக்கடை வாசல்லதான் நிக்கறாங்க. ஏழரையிலேருந்து.

— ஏழரையிலேருந்தா! அதுக்குத்தான் இஸ்திரி சட்டையா?

— இரு, கூட்டிட்டு வந்துடறேன்...

— இங்க வேணாம்ப்பா. பூங்காவுக்கு வரச் சொல்லுங்க. முதல் சந்திப்பு பொது இடத்துலதான்.

— மேனேஜருக்காகவா?

— எனக்காக.

— சரிம்மா. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், நீ எவ்வளவு நாள் எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லன்னு. ஒரு வருஷம் ஆனாலும் அவங்க காத்திருப்பாங்க.

— ஒரு வருஷமெல்லாம் இல்லப்பா. பதினேழு நாள்.

— அதென்னம்மா, பதினேழு?

— குட்டி கடிச்ச கவர் ஞாபகம் இருக்கா? பதினேழு நாள்ல புதுசா ஒரு கிளினிக் திறக்கறாங்க, வேற ஊர்ல. அங்க என்னைப் பொறுப்பாளரா வரச் சொல்லிக் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல, பதிலே போடாம வெச்சிருந்தேன். வியாழக்கிழமை 'உக்காருங்க'ன்னதும் குட்டி உக்காந்துச்சு பாருங்க... அன்னிக்கு சாயந்திரம்தான் வர்றேன்னு எழுதினேன்.