சக்களத்திக்கு எண்ணெய்

— "இந்த வண்டிக்கு உசிரு எங்க இருக்குன்னாவது தெரியுமா ஒனக்கு?"ன்னு உங்க மாமா கேட்டாரே, அன்னிக்கு வாயில என்ன பூட்டா போட்டிருந்தே?

— பயமா இருந்துச்சு அத்தை. சாவி கேக்கப் போனா பரீட்சை வச்சுட்டாரு.

— பரீட்சை வச்சவரு இப்ப புரோக்கரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு. அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணு கண்ணு. இந்தக் காரு போச்சுன்னா நீ நாளைக்குச் சேரப்போற பேக்கரி வேலையும் போச்சு. விடியறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் எந்த பஸ்சு போகுது? கொண்டுபோயி விட உன் புருஷனும் ஊர்ல இல்ல.

— அதான் பாத்துக்கிட்டிருக்கேன். மாத்து சாவி குடுத்தது நீங்கதான்னு தெரிஞ்சா திட்டப் போறாரு.

— திட்டட்டும், பாத்துக்கோ, பழகின காதுதான். இந்த மீட்டரு என்னை ஷாக் அடிச்சுக் கொன்னுடாதே?

— பேட்டரியில கிளிப்பு மாட்டிட்டேன். எத்தனை வோல்ட்டுன்னு நீங்க நம்பரைப் படிச்சுச் சொன்னா போதும்.

— பன்னெண்டரை.

— ராத்திரி சார்ஜ் போட்டது அப்படியே நிக்குது. பேட்டரி மேல தப்பு இல்ல. இப்ப ஸ்டார்ட் பண்றேன், தள்ளி நில்லுங்க. ம், இப்ப?

— பன்னெண்டே கால். எறங்குது. இந்தச் சக்களத்தி எனக்காக என்னிக்கு ஏறியிருக்கா?

— ஓடும்போது பதினாலு பக்கம் ஏறணும் அத்தை. சிவப்பு விளக்கும் அணையல. இன்ஜின் ஓடுறப்ப கரண்டு எடுத்து பேட்டரிக்கு ஊட்டுறது ஆல்டர்னேட்டர். அது ஊட்டல. பேட்டரி கையில இருக்கிறதைத் தின்னு தீத்துட்டு நடு ரோட்டுல படுத்துக்குது.

— மூணு வாட்டி தள்ளிக்கிட்டு வந்தாரே. அப்பதான் விக்கப் போறேன்னாரு. நான் சந்தோஷப்பட்டிருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கின வண்டி, பாத்துக்கோ. என் மூஞ்சியைப் பாத்ததை விட இவ பானட்டைத் தொடச்சதுதான் அதிகம்.

— சந்தோஷப்படலையா?

— நேத்து போர்வைக்குள்ள மூக்கை உறிஞ்சுனாரு. என்னன்னா சளின்னாரு. அதுக்கப்புறம் எங்க சந்தோஷப்படுறது.

— இன்ஜினை நிறுத்திட்டேன். இங்க பாருங்க, இந்தப் பெல்ட்டுதான் ஆல்டர்னேட்டரைச் சுத்தி விடுறது. இப்ப அதோட சக்கரத்தைக் கையால திருப்புறேன்.

— பெல்ட்டு தேமேன்னு கெடக்கு, சக்கரம் மட்டும் சுத்துது.

— சுத்தக் கூடாது. பெல்ட்டு வழுக்குது. ஆனா ஒண்ணு புரியல. வழுக்குற பெல்ட்டு கத்தியே தெருவைக் கூட்டணுமே. இது மூச்சு விடல.

— முன்னாடி கத்தினா. பூனை வாலை மிதிச்ச மாதிரி. "உங்க மூத்தவ காலங்காத்தால போடுற கூப்பாட்டுல என் தூக்கமே போச்சு"ன்னு சண்டை கூடப் போட்டேன். கொஞ்ச நாள்லயே அடங்கிட்டா. சரி, திருந்திட்டான்னு விட்டுட்டேன்.

— கொஞ்சம் மோந்து பாருங்க அத்தை.

— பெல்ட்டையா? கொடுமைடி. இரு இரு. இது என் தையல் மிஷின் எண்ணெய்.

— பாட்டிலைக் காணோம்னு வீட்டையே புரட்டினீங்களே.

— பக்கத்து வீட்டுக்காரியை வேற சந்தேகப்பட்டேன், பாவம். இந்த மனுஷனுக்கு கதவு கத்துனா எண்ணெய், கட்டில் கத்துனா எண்ணெய். இப்ப பெல்ட்டுக்குமா?

— கதவுக்குச் சரி அத்தை. பெல்ட்டு சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கணும். எண்ணெய் விட்டா பிடி போயிடும். சத்தமும் நின்னுச்சு, கரண்டும் நின்னுச்சு.

— அப்ப, என் தூக்கத்துக்காகவா விட்டாரு?

— அப்படித்தான் தெரியுது.

— வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாரா பாரு. நீ என்ன பண்ணணுமோ பண்ணு கண்ணு. இவளை நான் விக்க விடமாட்டேன்.

— டிக்கியில மாமா எப்பவோ வாங்கி வச்ச புது பெல்ட்டு கெடக்கு. நான் போல்ட்டைத் தளத்தி இதைக் கழட்டுறேன். நீங்க சோப்புத் துணியால சக்கரத்துல ஒட்டியிருக்கிற எண்ணெயை வழிச்சு எடுங்க.

— எங்கடி கத்துக்கிட்டே இதெல்லாம்?

— எங்கக்கா பட்டறையில டார்ச் லைட்டு பிடிச்சுக்கிட்டு நிப்பேன். கைக்குத்தான் அதுல வேலை. கண்ணு சும்மா இருக்குமா? சரி, புதுசை மாட்டியாச்சு. இந்தக் கம்பியைக் குடுத்து ஆல்டர்னேட்டரை உங்க பக்கம் நெம்புங்க. இன்னும் கொஞ்சம்.

— இத்தனை வருஷ ஆத்திரத்தையும் சேத்து நெம்புறேன்.

— போதும் போதும், ரொம்ப விறைச்சாலும் ஆகாது. முறுக்கிட்டேன். கம்பியை எடுத்துட்டுத் தள்ளிப் போங்க, ஸ்டார்ட் பண்றேன். படிங்க அத்தை.

— பதிமூணு. பதினாலு. பதினாலைத் தாண்டி நிக்குது கண்ணு.

— சிவப்பு விளக்கு அணைஞ்சிடுச்சு. ஹெட்லைட்டு போடுறேன். எறங்குதா?

— எறங்கல. கத்தவும் இல்ல. மகராசி. அடியே, வாசல் கேட்டு பக்கம் பாரு, வந்துட்டாங்க.

— வணக்கம்மா. என்ன சார், செத்த வண்டி, எடைக்குப் போட்டுக்கோன்னு கூட்டிட்டு வந்தீங்க, இது ஜம்முனு ஓடுது? புரோக்கருன்னாலும் எனக்கு மனசாட்சி உண்டு சார். பேசினதுக்கு மேலயே தர்றேன். சாவியைக் குடுங்க.

— குடுத்துடாதீங்க. பெல்ட்டுல எண்ணெய் விட்டது யாருன்னு தெரிஞ்சு போச்சு. யாரு தூக்கத்துக்காகன்னும் தெரிஞ்சு போச்சு. மருமக சரி பண்ணிட்டா. நாளைக்கு அவ இதுலதான் வேலைக்குப் போகணும்.

— மாமா, அன்னிக்கு உசிரு எங்க இருக்குன்னு கேட்டீங்களே. இப்போதைக்கு இந்தப் பெல்ட்டுலதான் மாமா இருக்கு.

— என்ன சார், சாவியைக் குடுக்காம எங்க போறீங்க? சார்? அட, உள்ள போறாரே. நான் இருக்கவா போகவாம்மா?

— மாமா என்ன குடுத்துட்டுப் போனாரு அத்தை?

— போற போக்குல பையில இருந்து எடுத்து என் கையில திணிச்சாரு. இந்தா, என் எண்ணெய் பாட்டிலு. காலி.

— அப்ப வண்டி? கோவமா போயிட்டாரா?

— நீ கெளம்புப்பா புரோக்கரு, இங்க விக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஏம்மா, உன் மீட்டர் பெட்டி மேல பளபளன்னு கெடக்கே, அது அவரு சாவி இல்ல?