பதினெட்டு பார் அழுத்தம்

வெள்ளிக்கிழமைகளில் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். அன்றும் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் போட்ட அந்தக் கணக்குத் தாள் கண்ணில் பட்டது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் அங்கிருந்து தொடங்குவதே சரி.

ஆலைகளில் ஓடும் குழாய்களைத் தாங்குகிற இடங்களில் எவ்வளவு சுமை வரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. குழாய் சூட்டில் நீளும். அதற்கு இடம் கொடுக்க நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஓர் இணைப்பு வைப்போம். பெல்லோஸ் என்று பெயர். உள்ளே அழுத்தம் ஏறினால் அது விரியப் பார்க்கும். குழாயை இரண்டு பக்கமும் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்துவது முனையில் இருக்கும் கான்கிரீட் பிளாக். ஆலை ஓடும்போது பன்னிரண்டு பார் அழுத்தம்; தள்ளும் விசை இருபத்து நான்கு டன். அதற்குத்தான் பிளாக் கட்டச் சொல்லியிருந்தேன். ஆனால் ஆலையை ஓட்டுவதற்கு முன் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பதினெட்டு பாரில் சோதிப்பார்கள். அப்போது முப்பத்தாறு டன். அந்த வரி என் தாளில் இல்லை. மறதிதான். யாருக்கும் வரும்.

பிளாக் அதற்குள் கட்டி முடிந்திருந்தது. திங்கட்கிழமை சோதனை. நடத்துபவர் என் அண்ணன்.

பெரிய பரிகாரம் ஒன்றும் வேண்டாம். பெல்லோஸ் விரியாதபடி அதன் இரு பக்கமும் இரும்புத் தண்டுகளைப் போட்டுப் பூட்டினால் போதும். அரை நாள் வேலை. நான் போனைக் கையில் எடுத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு வெல்டிங் வேலைக்குப் போனதால்தான் நான் பொறியியல் படித்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க தம்பி போட்ட கணக்கு, கண்ணை மூடிக்கிட்டு ஏத்தலாம்" என்பார். அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சொல்வது? மனம் விட்டுப்போகும். அவருக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. தாளை மடித்து டிராயரில் வைத்துவிட்டு, மேசையின் மிச்சப் பாதியையும் துடைத்தேன்.

திங்கள் காலை பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"தம்பி, பதினாறு வரைக்கும் ஏத்தியாச்சு. பிளாக் அடியில மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரியுதுடா. இறக்கிடட்டுமா?"

"அது மேல்பூச்சு வெடிச்சிருக்கும்ணே."

"அப்ப ஏத்தலாங்கற?"

"ஏத்துங்க."

"நீ சொன்னா சரி. இவங்கெல்லாம் பயப்படுறாங்க. தள்ளி நிக்கச் சொல்லிட்டு நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்." சிரித்துக்கொண்டே வைத்தார்.

பிளாக் பெயர்ந்தது. குழாய் பக்கவாட்டில் வீசி அவரைத் தூணோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜும் அவர் பக்கத்தில்தான் இருந்தது, சிதறிப்போனது. எவ்வளவு ஏறியிருந்தது என்று சொல்ல ஆளில்லை. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார் என்றேன். இறந்தவரின் வேலைக்கு இனி ஆபத்தில்லை. எனக்கோ காப்பாற்ற வேண்டியவை இரண்டு குடும்பங்கள் ஆகிவிட்டன.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினாராமே. என்ன சொன்னார் தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"சாப்பிட்டியாடான்னு கேட்டார் அண்ணி."

"சாகப்போற நேரத்துலயும் உங்க வயித்தைத்தான் நெனச்சிருக்கார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

போன வாரம் அண்ணி ஒரு கடிதத்தை நீட்டினார். அண்ணனின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று ஆலையிலிருந்து எழுதியிருந்தார்கள். "அவர் அவசரப்படுற ஆளா? ஒரு வால்வைக்கூட பதறாமத்தான் தொறப்பார். நீங்களே ஒரு மறுப்பு எழுதிக் கொடுங்க. உங்களுக்குத்தான் விவரம் தெரியும்" என்றார். எதிரில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஓடவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

ஆமாம், தாங்காது என்று தெரிந்துதான் ஏற்றச் சொன்னேன். ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பதினெட்டு பாரில் பத்து நிமிடம் நின்றால் சோதனை முடிந்தது. பம்பை நிறுத்தி ஆறு நிமிடம் வரை பிளாக் அசையவில்லை என்று தள்ளி நின்றவர்களே சொல்கிறார்கள். இன்னும் நாலே நிமிடம் தாங்கியிருந்தால், என் கணக்கில் தவறே இருந்திருக்காது.