பதிவில் இல்லாத சாவி

கார் சாவியைத் தொலைத்துவிட்டு என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் வீட்டில் இருப்பவர்களைத்தான் குறை சொல்வார்கள். நான் தலையாட்டிக்கொண்டே வேலையைப் பார்ப்பேன்.

சாவிக்குள் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது. வண்டி அதை அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் பிடிக்கும். புதுச் சாவியைப் பதியும்போது, தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிடுவேன். அதன் பிறகு அது கதவைத் திறக்கும், அவ்வளவுதான்.

என் மகள் கணவனோடு ஒத்துவராமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மனைவி போனதிலிருந்து வெறிச்சென்று கிடந்த வீடு. பேத்திக்கு ஐந்து வயது. என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்க சாவி ரெடி சார்" என்று என்னைப் போலவே இழுத்துப் பேசுவாள்.

அப்புறம் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது.

"நீங்களும் வந்துடுங்கப்பா."

"கடையை விட்டுட்டு எங்கம்மா வர்றது?"

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில், அவள் குளிக்கப் போன நேரம், அவளுடைய காரில், சாவி பதியும் என் கருவியைச் சொருகினேன். அவளுடைய சாவியை அழித்தேன். புதுச் சாவி ஒன்றைப் பதிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சேர வேண்டிய நாள் தவறினால் வேலை கைநழுவிவிடும். பிறகு நானே வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிடலாம். யாருக்கும் கெடுதல் இல்லாத ஏற்பாடு. மத்தியானம் வழியனுப்ப வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. மருந்து குடுத்தும் அடங்கல. வண்டி வேற ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

பேத்திக்கு அவ்வப்போது இழுப்பு வரும். வந்தால் அடங்கிவிடும்.

"பதறாதம்மா. மறுபடி போட்டுப் பாரு," என்றேன்.

அது பிடிக்காது என்று தெரிந்த ஒரே ஆள் நான். உண்மையைச் சொன்னால் அவள் ஒரேயடியாக என்னை விட்டுப் போய்விடுவாள். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். போனில் எனக்குக் கேட்டது. குழந்தையின் இழுப்பும் கேட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னது அதற்கப்புறம்தான்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வண்டி கதவு திறந்தபடி நின்றது. சாவி அதிலேயே இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து, அவள் சாவியை மறுபடியும் பதிந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் மூச்சு அதற்குள் நின்றிருந்தது.

சில நாள் கழித்து மெக்கானிக் வந்து பார்த்தார். முதல் திருப்பிலேயே வண்டி பிடித்தது.

"குறை ஒண்ணும் இல்லையே," என்றார்.

மகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதட்டத்துல நான்தான்பா சரியா போடல. நானே கொன்னுட்டேன்."

தலையைத் தடவிக்கொடுத்தேன். அப்படியெல்லாம் பேசக் கூடாது என்றேன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. வாசலைத் தாண்டுவதில்லை. நான் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறாள். இந்த நிலையில் அவள் அந்த ஊரில் தன்னந்தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.