பரளச்சிக்குப் போகாத வண்டிக்கு நான் போட்ட பச்சை

என் பெயர் ரேணுகாதேவி. வயது 18. தகப்பனார் பெயர் காளிராஜ். வசிப்பது பாளையம்பட்டி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். சங்கரபாண்டியன் அவர்கள் கொடுத்த மனு சம்பந்தமாக இன்று வெள்ளிக்கிழமை காலை காவல் நிலையத்துக்கு வந்தேன். விசாரித்தபோது கூச்சத்தில் எனக்குப் பேச்சு வராததால் எஸ்.ஐ. அம்மா தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். அதன்படி எழுதுகிறேன்.

பிருந்தா அக்கா நடத்தும் சிறுதானியக் கம்பெனியில் இரண்டு வருடமாக பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிறேன். சங்கரபாண்டியன் அவருடைய சித்தப்பா. குடோன் அவர் பொறுப்பு. கடந்த தை மாதம் பிருந்தா அக்கா எங்கள் எல்லோர் போனிலும் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டமும், செய்பவர் பெயரும், நேரமும் இருக்கும். முடிந்ததும் தொட்டால் பச்சையாகும். நேரம் தாண்டினால் சிவப்பாகும். அதற்கு முன்பெல்லாம் லோடு வந்ததா என்று கேட்பதற்காக வாசல்வரை போய், கேட்காமலே திரும்பி வருவேன். ஆப் வந்த பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் அதை அடிக்கடி பார்ப்பதைக் கவனித்து, எல்லோருடைய கட்டங்களையும் சரிபார்க்கும் பொறுப்பை அக்கா எனக்குக் கொடுத்தார்.

வேன் ஓட்டும் மாரிக்கண்ணன் அண்ணனுக்குப் பரளச்சிக் காட்டுப் பக்கம் டவர் கிடைக்காது. வேலை முடிந்தும் கட்டம் சிவப்பாகவே நிற்கும். சங்கரபாண்டியன் சத்தம் போடுவார். ஆகையால் அண்ணன் கிளம்பும்போதே, "தாயி, பரளச்சிக்குப் போறேன். இப்பவே பச்சையாக்கி விட்ரு" என்பார். நான் என் போனிலிருந்து மாற்றிவிடுவேன். மூன்று மாதமாக இப்படியே செய்தோம். அக்காவிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை பரளச்சியில் ராமசுப்பு என்ற விவசாயி வீட்டிலிருந்து குதிரைவாலி பன்னிரண்டு மூட்டை ஏற்றி வர வேண்டியிருந்தது. காலை 9.40க்கு வேன் வாசலில் நிற்கும்போதே பச்சையாக்கினேன். அதன் பிறகு கோடை மழை பெய்து, கரிசல் பாதையில் வேன் இறங்க முடியாமல், அண்ணன் மதியம் வெறும் வண்டியோடு திரும்பி வந்து, "சக்கரம் பூரா களிமண்ணு. வெயிலடிச்சதும் போறேன். நீ அத பழையபடி மாத்திரு" என்றார். மாற்றப் போனபோது ஆப் காரணம் கேட்டது. எழுதினால் அக்காவுக்குப் போய், மூன்று மாதமாகச் செய்ததும் தெரிந்துவிடும் என்று பயந்து போனை அணைத்து லேபிள் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை சங்கரபாண்டியன் குடோனில் மூட்டைகள் இல்லாததைப் பார்த்தார். ராமசுப்புவுக்குப் போன் போகவில்லை. மூட்டையை ஏற்றவே இல்லை என்று அண்ணன் சொன்னதற்கு, "ஏலே, ஏத்தாத மூட்டைக்கு உன் பேருல பச்ச எப்படிலே வந்துச்சு? எங்க வித்த?" என்று கேட்டு வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு, "முன்னாடியே போட்டது என் தப்புதேன்" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. வேனிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். மாலையில் அவர் மீது திருட்டு என்று மனு கொடுக்கப்பட்டது.

இன்று காலை பிருந்தா அக்கா வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினேன். எந்தக் கட்டத்தை யார், எப்போது மாற்றினார்கள் என்பது ஆப்பில் பதிவாகியிருக்கும். அதுவரை யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. புதன், 9.40, ரேணுகாதேவி என்று இருந்தது. "ஏன்டி, இத நேத்தே சொன்னா என்ன?" என்றார். அதன் பிறகு அவரோடு இங்கு வந்தேன். சங்கரபாண்டியன் அவர்களும் மாரிக்கண்ணன் அண்ணனும் விசாரணைக்காக ஏற்கெனவே இங்கு வந்திருந்தார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, விசாரிக்கப் பரளச்சி போயிருந்த காவலர் தார் ரோட்டுக்கு வந்து போன் செய்தார். கூட இருந்த ராமசுப்பு, "பன்னெண்டு மூட்டையும் எங்க வீட்லதேன் அடுக்கிக் கெடக்கு. வண்டிய அனுப்புவீகன்னு பாத்தா போலீஸ அனுப்புறீகளே!" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சங்கரபாண்டியன் சாவியை மேசையில் வைத்தார். அக்கா அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் என்னிடம், "தாயி, இனிமே செவப்பாவே கெடக்கட்டும்" என்றார்.

முடியாத வேலையை யாரும் பச்சையாக்கக் கூடாது, டவர் இல்லாமல் சிவப்பாக நின்றால் யாரும் சத்தம் போடக் கூடாது என்று நாளைக் காலை கம்பெனியில் எல்லோர் முன்பாகவும் நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அக்கா கூறியதற்குச் சம்மதித்திருக்கிறேன். சங்கரபாண்டியன் அவர்களும் அங்கு இருப்பார்.

மேலே உள்ளதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் கையால் எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்தேன். அனைத்தும் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்)
கா. ரேணுகாதேவி