மன்னார்க் காசும் பூட்டிய கதவும்

தலைமைக் கதிரைக்குத் தகுதி சேர்க்கும் முனவ்வரா டீச்சர் அவர்களே! பள்ளிவாசல் பெரியவர்களே! உடப்பிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்லாச்சி அக்கா அவர்களே! கைக்குழந்தையோடும் கலங்கிய கண்ணோடும் கூடியிருக்கும் புத்தளத்துக் கரைத்தீவின் உம்மாமாரே! உங்கள் எல்லாருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நாளைதான் கடைசி நாள். ஆனால் ஊருக்குள் ஓடுகிற கதை என்ன? "மன்னார் எண்டு வாயைத் திறந்தா அங்கேயும் பேர் இல்ல, இங்கேயும் பேர் இல்ல. கதவைப் பூட்டிட்டு உள்ளுக்க இருங்க!"

பயமா? பயம்தான். எனக்கு மட்டும் இல்லையா? இந்த மைக்கை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பது பின்வரிசைக்குத் தெரிகிறதா? "ஓம், நல்லாத் தெரியுது" என்பது யார்? கமீலாவா? உங்கட கண்ணுக்கு எது தப்பும்!

என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாகப் பத்து ரூபாய்க் காசு அடித்தார்கள் அல்லவா? போன வருசம் ஸஜீத்தின் பேக்கரிக் கடையில் பாண் வாங்கினேன். மிச்சக் காசில் வந்தது மன்னார்க் காசு. மன்னார்! தொண்ணூறாம் வருசம் துவக்கோடு வந்தவர்களால் உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு, வள்ளம் ஏறி, கற்பிட்டிக் கரையில் வந்து விழுந்தோமே, அந்த மன்னார்! அன்றைக்கு என் உம்மா காதுத் தோட்டைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தா. அதே மாதிரி நான் அந்தக் காசை வைத்துத் தைத்தேன்.

பத்து நாள் போகவில்லை. கதவில் தட்டுச் சத்தம். "வீட்டில யாரு? பட்டியலுக்குப் பேர் எழுத வந்திருக்கிறம்."

வந்தவர் கையில் இருந்தது ஒரு பேனை. என் காதில் கேட்டதோ பழைய துவக்கு வெடிச் சத்தம். மகள் அக்கீலா குசுகுசுத்தாள்: "உம்மா, மன்னார் அடையாளம் வச்சிருந்தா பேரை வெட்டுறாங்களாம்!" அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பேரும் ஒடுங்கினோம்.

"உம்மா, மூச்சு விடாதீங்க."

"நீ முதல்ல வாயை மூடுடி!"

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவர் "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். பட்டியல் வந்தது. என் பேரும் இல்லை, மகளின் பேரும் இல்லை. மன்னாரில் எப்போதோ எடுத்துவிட்டார்கள். இங்கே எங்களை வெட்டியது யார்? நாங்கள்தான்! பூட்டிய எங்கள் கதவுதான்!

ஸஜீத்திடம் போய் அழுதேன். அவர் சொன்னார்: "என்ன மாமி கதை இது? மன்னார்க் காசு என்ட மேசை லாச்சிக்குள்ள எத்தின தரம் வருது, போகுது. எந்த ஊர்க் காசு எண்டு பாத்தா நான் பாண் குடுக்கிறன்?"

கேட்டீர்களா? மன்னார்க் காசு புத்தளத்தில் செல்லும்! புத்தளக் காசு காலி நகரில் செல்லும்! காசுக்கு உள்ள மதிப்பு, கண்ணீர் சிந்தி அதை உழைத்த மனிசருக்கு இல்லையா? பிறந்த ஊரும் இருக்கிற ஊரும் ஒரு வாயில் சொன்னால் குற்றமா?

அங்கே ஒரு பிள்ளை கேட்கிறது: "பேரைக் குடுத்த பிறகும் வெட்டினா?"

பிள்ளை, வெட்ட மாட்டார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், சட்டம் தெரியாது. ஆனால் கொடுத்த பேரை வெட்டினால் தட்டிக்கேட்கக் கையில் பேர் பதிந்த துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும். கொடுக்காத பேரை எவரிடம் போய்க் கேட்பாய்? எந்த மேசையில் தேடுவாய்?

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. நாளைக் காலை எட்டு மணிக்குப் பாடசாலையில் பேர் பதிய மேசை போடுவார்கள். நானும் அக்கீலாவும் வருவோம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் நில்லுங்கள், பின்னால் ஒருவர் நெருங்கி நில்லுங்கள். நான் திரும்பி ஓட இடம் விடாதீர்கள்.

வஸ்ஸலாம்.