முதல் குழாயில் இருந்த உமிழ்நீர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வுக்கூடத்தாரே, குழாய்ப் பட்டறையிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். துக்கம் தாளாமல் என் கணவரின் குறிப்பேட்டை நான் ஒளித்து வைத்திருப்பதாக இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். ஒளிக்கவில்லை. இதோ, என் கையில் இருக்கிறது. இதன் முதல் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. உங்கள் முன் அதைச் சொல்லத்தான் வைத்திருந்தேன்.

ஊசி குத்தாமல், வெறும் உமிழ்நீரைக் கொண்டே, சிறிதளவு கதிர்வீச்சு பட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியவர் என் கணவர், உங்கள் முனைவர் அவர்கள். நீங்கள் அவரை ‘எச்சில் டாக்டர்’ என்றீர்கள். “துப்புறதுக்கும் ஒரு படிப்பா சார்?” என்று கேட்டவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். “துப்புறது உன் வேலைப்பா. அதை வச்சுக்கிட்டு முழிக்கிறது என் வேலை” என்றாராம் இவர். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பற்றவைத்த இரும்புக் குழாய்களைக் கதிர்வீச்சால் படம்பிடிக்கும் உங்கள் நாற்பத்தொரு பேரையும் சோதித்தார். கதிர் படாத ஒருவரோடு ஒப்பிட வேண்டும். வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அவசரத்தில் தன் உமிழ்நீரையே முதல் சோதனைக் குழாயில் வைத்தார். பத்தாண்டுகளாக மேசை வேலைதானே என்ற நினைப்பு. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் உங்களைப் போல அதே கதிர்வீச்சுக் கருவியைத் தூக்கித் திரிந்தவர் அல்லவா? அது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? எனக்கே ஏன் தோன்றவில்லை? ‘கதிர் படாதவர்’ என்று அந்தக் குழாயில் சீட்டு எழுதி ஒட்டி, இந்த முதல் பக்கத்திலும் அப்படியே எழுதியவள் நான். என் கையெழுத்து திருத்தமானது என்று எப்போதும் என்னிடம்தான் கொடுப்பார்.

சோதனையில் நாற்பத்தொரு பேரும் அவரைப் போலவே இருந்தார்கள். ‘பாதிப்பில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

கதிர்வீச்சால் இரத்தம் கெட்டிருக்கிறது என்ற தன் அறிக்கையை மருத்துவமனையில் படித்த அன்று கேட்டார். “முதல் குழாயில யாரோடது?”

“உங்களோடதுதாங்க.”

“அப்போ யாரு மாதிரி நல்லா இருக்காங்கன்னு எழுதிக் குடுத்தேன்?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான்கு நாள் கழித்துப் போய்விட்டார்.

மாமேதை என்றீர்கள். இருக்கட்டும். அது உங்களுக்கு என்ன ஆறுதல்? எனக்கு என்ன ஆறுதல்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லும் இடம் இது. எனக்கு எழுபத்தெட்டு வயது. என் உமிழ்நீரும் உதவாது; அந்தக் கருவி பல நாள் எங்கள் கட்டிலடியில் இருந்திருக்கிறது. எழுதத்தான் தெரியும். ‘உங்களுக்குத் தந்த முடிவை நம்ப வேண்டாம்’ என்று நாற்பத்தொரு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

இயக்குநர் அவர்களே, உண்மையிலேயே கதிர் படாத ஒருவரை வைத்து இவர்களை மறுபடி சோதிப்பீர்களா, மாட்டீர்களா? இங்கே தலையாட்ட வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.