நிலக்கடலை நவநீதம்

மனித குலத்தின் சகல துன்பங்களும் பெருங்குடலிலேயே பிறக்கின்றன. இந்த மகத்தான உண்மை எனக்குக் கிடைத்தது வெள்ளவத்தை ஸ்டேஷன் வாசலில், கச்சான் கடலை சுற்றித் தந்த கடதாசியில். நீங்கள் ஆதியிலிருந்து சொல்லும்படி கேட்டபடியால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஐயா. மரண விசாரணை அதிகாரி ஒருவருக்குக் கச்சானைப் பற்றிச் சொல்ல நேரும் என்று நான் நினைத்ததில்லை.

அது ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையின் பக்கம். குடல் நோயாளிகள் வீட்டிலேயே கச்சான் வெண்ணெய் செய்துகொள்ளும் முறை அதில் இருந்தது. சொத்தையைப் பொறுக்கி எறியவேண்டும். உப்புத் தண்ணீரில் இரா முழுவதும் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, தோலை உரசி நீக்கவேண்டும். அவ்வளவில் பக்கம் கிழிந்திருந்தது. மிச்சப் பாதியில் கச்சான்காரன் எனக்கு முன்னால் நின்றவருக்குச் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

என் பாதியில் நெருப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே நெருப்பு ஆகாது என்று தீர்மானித்தேன். கந்தோரில் தலைமை இலிகிதராக இருந்து இளைப்பாறியவன் நான். தாளில் இல்லாத எதையும் அனுமதித்துப் பழக்கமில்லை.

என் மனைவி மயிலம்மாவுக்கு அப்போது வயிற்று நோ. சாப்பிட்டது சத்தியாக வெளியே வரும், சாப்பிடாவிட்டால் எரிவு. அவளுடைய தம்பி செல்லையா ஒரு அப்போதிக்கரி. "அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம், அத்தான்" என்றான். கலக்கிய மருந்தைப் போத்தலில் ஊற்றுகிறவனுடைய யோசனை என்று அதை ஒதுக்கினேன். சோறு, பால், பாண் எல்லாவற்றையும் நிறுத்தி, மூன்று வேளையும் அந்தப் பசையைக் கொடுத்தேன். அதற்கு நிலக்கடலை நவநீதம் என்று பெயர் வைத்தேன். மயிலம்மா அதைக் கச்சான் களி என்பாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட களியைக் கொண்டாங்கோ, விழுங்கித் துலைக்கிறன்" என்பாள். விழுங்கியும்விடுவாள். என் முன்னால் ஒரு நாளும் துப்பவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கடற்காற்றில் உப்பே கசிகிற வீட்டில் ஊறின கச்சான் எங்கே காய்வது? விறாந்தையில் சுளகில் பரப்பினேன். பிறகு மண்டபத்தில், ராசாவின் முடிசூட்டு விழாவுக்கு எனக்குக் கிடைத்த பதக்கத்துக்குக் கீழே பரப்பினேன். மெல்லப் பச்சை பூத்தது. துணியால் துடைத்துவிட்டு, அம்மியில் நானே அரைத்தேன். அரைக்கிற வேலையை வேறொருவரிடமும் விடவில்லை. அதைக் கவனத்தில் எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் மெலிந்தாள். நஞ்சு வெளியேறுகிறது என்று விளங்கப்படுத்தினேன். பிறகு, என் கொள்கை சொன்னபடியே, தேறத் தொடங்கினாள். முகத்தில் தசை பிடித்தது. பூமரங்களில் பூப் பறித்தாள். எங்கள் வெள்ளவத்தை ஆரோக்கிய சங்கத்தார் உடனே ஒரு பிரசங்கத்துக்கு நாள் குறித்தார்கள். சங்கத்தின் தலைவர் நான்தான்.

பிரசங்கத்துக்கு முந்தின பின்னேரம் உலாவப் புறப்பட்டவன், குடை எடுக்கத் திரும்பி வந்தேன். குசினிப் பக்கமிருந்து வறுத்த கச்சான் வாசம். நல்ல வாசம், ஐயா, அதை மறைக்கமாட்டேன். யன்னலால் பார்த்தேன். சமையல்காரி யோசெப்பின், கொட்டாஞ்சேனைக்காரி, தாச்சியில் மணல் போட்டுக் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தாள். மயிலம்மா பலகையில் குந்தியிருந்து பால்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இத அரைச்சுக் கிண்ணத்துல வெச்சுட்டு, ஐயா அரைச்சு வைக்கிறத நான் கோழிக்குப் போட்டேம்மா. கோழியும் திங்குதில்ல" என்றாள் யோசெப்பின்.

மயிலம்மா சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அவள் சொன்னது இது: "அவருக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளை. மனுசன் உடைஞ்சுபோவார்."

நான் குடையை எடுக்காமல் திரும்பிப் போனேன். நல்லாக நனைந்தேன்.

மறுநாள் மேடையில் மயிலம்மாவைக் கதிரையில் இருத்தி, பதக்கத்தைக் குத்திக்கொண்டு பேசினேன். நெருப்புப் படாத நிலக்கடலையே இந்தப் பெண்மணியை எழுப்பியது என்றேன். பெரிய பெரிய கனவான்கள் கை தட்டினார்கள். மயிலம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக வெட்கப்பட்டிருக்கலாம். பயந்திருக்கவும் கூடும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நான் பொய் சொல்கிறவன் அல்ல. சபை முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டேன், அது உண்மையாக இல்லை. சொன்னதை மாற்ற முடியாது. ஆனபடியால் உண்மையைத்தான் திருத்த வேண்டியிருந்தது. விடிந்ததும் யோசெப்பினை அனுப்பிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. குசினியைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

மயிலம்மா பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் நீட்டிய கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.

மார்கழியில் அவள் படுக்கையில் விழுந்தாள். செல்லையா வந்து அவளுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காலைப் பிடித்தான். "அத்தான், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். வாசலில கார் நிக்குது." பம்பலப்பிட்டியில் அடுத்த பிரசங்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. குணமான நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் சபை என்ன நினைக்கும்? கூட்டம் முடியட்டும் என்றேன்.

அவன் அக்காவிடம் போய்க் கேட்டான். அவள் சுவர்ப் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நீ போ, தம்பி. உன்ரை அத்தான் பயப்பிடத் தேவையில்லை. கூட்டம் முடியிறமட்டும் நான் சாகன்."

அவள் பகிடியாகச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன்.

பம்பலப்பிட்டியில் அன்று கூட்டம் நிறைந்திருந்தது. கழுத்தில் விழுந்த ரோசா மாலையோடு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் இருந்தபடி அவள் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"கை தட்டினவையோ?"

"ஓம், நல்லாத் தட்டினவை."

"அப்ப சரி" என்றாள். விடியும்போது மூச்சு இல்லை. அந்த மாலை வாடாமல் இருந்தபடியால் அவளுக்கே போட்டோம்.

செல்லையா உங்களிடம் முறைப்பாடு செய்தது நியாயமே. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஓம், எனக்குத் தெரியும். கஞ்சியும் வறுத்த கச்சானுந்தான் அவளை எழுப்பியவை என்று தெரிந்துதான் நிறுத்தினேன். உடைந்துபோவேன் என்று அவள் பயந்தாளே, நான் உடையவில்லை. அந்த ஒரு குறையை மட்டும் அவளுக்கு நான் வைக்கவில்லை என்று ஆறுதலடைந்துகொள்கிறேன். ஆனாலும் பின்னேரங்களில் ஸ்டேஷன் பக்கம் போகிறதில்லை. அந்த வாசம் வருகிறது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த நவநீதத்தை நானும் சாப்பிட்டேனா என்று.

இல்லை, ஐயா. கச்சான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வயிறு ஊதும்.